அமெரிக்காவிலேயே செய்த பவர் டூல்: எங்கே தேடுவது, எதைச் சோதிப்பது

அமெரிக்கக் கடைகளில் டிவால்ட் என்ற பவர் டூல் பிராண்டின் அடுக்குக்கு முன்னால் நின்றால் கொடி அச்சிட்ட மஞ்சள் பெட்டிகள் சில கண்ணில் படும். ‘மேட் இன் தி யுஎஸ்ஏ’ என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ‘வித் குளோபல் மெட்டீரியல்ஸ்’ என்பது அதற்குக் கீழே, சிறிய எழுத்தில். வாங்க வருபவர் படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். பிராண்டுப் பெயரை வைத்துத் தேடினால் இந்த விஷயத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும். கையில் இருக்கும் அந்த ஒரு கருவியின் மேல் மாடல் எண் போட்டிருக்கும் தகட்டை வைத்துத் தேடினால் வழி கிடைக்கும்.

தகட்டில் வரும் சொற்கள்

கூடுதல் சொல் எதுவும் சேர்க்காமல் ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று போட, வணிகத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது. உதிரிபாகம், உழைப்பு, கடைசிக் கோர்ப்பு என்று ‘அனைத்தும் அல்லது கிட்டத்தட்ட அனைத்தும்’ அமெரிக்காவில் ஆகியிருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 13 முதல் இது அபராதத்துடன் கூடிய விதியானது. ஒரு மீறலுக்கு 43,280 டாலர் வரை என்று அப்போது வைத்தார்கள். கலிபோர்னியா தன் சட்டத்தில் எண்ணாகவே சொல்லியிருக்கிறது: மொத்த விற்பனை (ஹோல்சேல்) விலை மதிப்பில் வெளிநாட்டுப் பாகம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உள்நாட்டில் கிடைக்கவே கிடைக்காத பாகமென்றால் 10 வரை போகலாம். இந்த அளவுகோலைத் தாண்டும் பேட்டரி டிரில் கடையில் கிடைக்காது. கம்பெனிகள் ‘வித் குளோபல் மெட்டீரியல்ஸ்’ என்று சேர்ப்பது இதனால்தான். அதில் பொய் இல்லை. கோர்ப்பது அமெரிக்கத் தொழிலாளி, பாகங்களில் பல வெளியிலிருந்து வந்தவை என்று அர்த்தம்.

‘அசெம்பிள்ட் இன் யுஎஸ்ஏ’ என்று போடவும் அளவு உண்டு. முக்கியமான கோர்ப்பு வேலை அங்கே நடந்திருக்க வேண்டும். வந்து இறங்கியதற்கு நாலு திருகு முடுக்கினால் போதாது. ‘டிசைன்ட் இன் யுஎஸ்ஏ’, ‘இன்ஜினியர்ட் இன் யுஎஸ்ஏ’ இரண்டும் எங்கே செய்தார்கள் என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவற்றைப் பார்த்தால் உடனே நாட்டின் பெயரைத் தேடுங்கள்.

நாட்டின் பெயர் கட்டாயம் இருக்கும். 1930ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 304ஆம் பிரிவுப்படி, இறக்குமதியான பொருளில் கடைசியாக வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி நாட்டைக் குறித்தாக வேண்டும். உள்நாட்டில் செய்த கருவிக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே பழைய கருவியின் தகட்டில் வேறு எந்த நாடும் இல்லாமல் ஓர் அமெரிக்க ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது நல்ல அறிகுறி. புதிய கருவிக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். டிவால்ட் தகட்டில் வரும் டௌசன், மேரிலாண்ட் என்பது தலைமை அலுவலகத்தின் ஊர். ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே நாட்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடைமுறையில் மூன்று இடத்தில் தவறு நேர்கிறது. முதலாவது, கிட் பெட்டி. உள்ளே டிரில் ஓரிடம், சார்ஜர் ஓரிடம், பேட்டரி ஓரிடம். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கும். இரண்டாவது, மாடல் எண். ஒரே மாடல் எண்ணில் ஒரு தொகுதி அமெரிக்காவிலும் அடுத்தது மெக்சிகோவிலோ சீனாவிலோ ஆகியிருக்கலாம். தகட்டில் மாடலுக்குப் பக்கத்தில் வரும் ‘டைப் 1’, ‘டைப் 2’ என்ற குறிப்பு உள்பாகங்கள் மாறியதைக் காட்டும். உற்பத்தி இடம் அதோடு சேர்ந்து மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. மூன்றாவது, இணையக் கடைப் படம். பல வருடத்துக்கு முன் எடுத்த படமாக இருக்கும். வாங்குமுன் இருப்பில் உள்ள பெட்டியின் படத்தைக் கேளுங்கள், அல்லது நேரில் போய் எடுங்கள்.

பெயர் ஓரிடம், ஆலை ஓரிடம்

மில்வாக்கி 1924இல் விஸ்கான்சினில் பிறந்த கம்பெனி. 2005 முதல் ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் ‘சாசால்’ ரம்பத்தின் பிளேடுகள் மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் வெட்டப்படுகின்றன. விஸ்கான்சினின் வெஸ்ட் பெண்டில் எலக்ட்ரீஷியன் கைக்கருவிகளுக்கு ஆலையும் வைத்திருக்கிறார்கள். பேட்டரிக் கருவிகளின் கதை வேறு.

ரிட்ஜிட் பெயரில்தான் குழப்பம் அதிகம். ஒஹையோவின் எலிரியாவில் இருக்கும் ரிட்ஜ் டூல் கம்பெனி பைப் ரெஞ்சும் குழாய்க்கு மரை போடும் இயந்திரமும் செய்யும் பழைய நிறுவனம். ஹோம் டிப்போ என்ற பெரிய கடையில் தொங்கும் ஆரஞ்சு நிற ரிட்ஜிட் டிரில் அவர்கள் செய்ததல்ல; பெயரை உரிமத்தில் வாங்கி டெக்ட்ரானிக் செய்வது. பிளம்பர் பயன்படுத்தும் ரிட்ஜிட் வேறு, வீட்டுக்கு வாங்கும் ரிட்ஜிட் வேறு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஜப்பானிய மகிட்டா 1985இல் ஜார்ஜியாவின் பியூஃபோர்டில் கருவிகளைக் கோர்க்கத் தொடங்கியது. ஜெர்மன் ஷ்டில் 1974 முதல் வர்ஜீனியா பீச்சில் செயின்சா செய்கிறது. அங்கே விற்கும் ஷ்டிலின் வீட்டு, பண்ணை ரகங்களில் பல அங்கேயே ஆனவை. சங்கிலி சுவிட்சர்லாந்தின் வில் நகரத்திலிருந்து வருகிறது.

கிராஃப்ட்ஸ்மேன் பிராண்டின் கதை வலிக்கும். பழைய அமெரிக்கக் கடைக் கம்பெனியான சியர்ஸிடமிருந்து 2017இல் அந்தப் பெயரை வாங்கிய ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் தானியங்கி ஆலை கட்டப்போவதாக 2019இல் அறிவித்தது. சாக்கெட்டும் ராட்செட்டும் ஸ்பானரும் அங்கே ஆக வேண்டியவை. 2023இல் அதை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். ‘விரைவில் அமெரிக்காவில்’ என்ற அறிவிப்பை நம்பிக் காத்திருக்காமல், இன்று தகட்டில் இருப்பதை வைத்து முடிவெடுங்கள்.

பேட்டரியில் ஏன் முடிவதில்லை

18 வோல்ட் பேட்டரிக்குள் 5 லித்தியம் செல் தொடராக நிற்கும். முழுதாக ஏறிய செல் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். அமெரிக்காவில் இதையே ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்கிறார்கள். இந்தச் செல்லைச் செய்யும் பெரிய பெயர்கள் சாம்சங், எல்ஜி, முராட்டா, மோலிசெல் என்று எல்லாமே ஆசியாவைச் சேர்ந்தவை. பிரஷ் இல்லாத மோட்டாரின் நியோடிமியம் காந்தமும் கட்டுப்பாட்டு அட்டையும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. கருவியின் மதிப்பில் பாதிக்கு மேல் இந்த மூன்றில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. எனவே பேட்டரிக் கருவியில் ‘குளோபல் மெட்டீரியல்ஸ்’ வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டிவால்ட்டின் வட கரோலினா, சார்லட் ஆலையில் கோர்த்த டிரில் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் அதற்கு மேல் தேடுவது வீண்.

இன்னும் அங்கேயே செய்பவர்கள்

ஒயரும் காற்றுக்குழாயும் உள்ள கனமான தொழிற்சாலைக் கருவிகள், தரையில் நிற்கும் இயந்திரங்கள், வெட்டும் முனைகள் என்று மூன்று இடத்தில் அமெரிக்க உற்பத்தி உயிரோடு இருக்கிறது. இவற்றைப் பெரிய கடைகளில் பார்க்க முடியாது. தொழிற்சாலைகளுக்கு விற்கும் விநியோகஸ்தர்களிடம் கேட்க வேண்டும்.

இரும்பு உத்தரத்தில் ஒட்டி நின்று துளை போடும் மேக்னட்டிக் டிரில்லுக்கு மிச்சிகனின் ஸ்வார்ட்ஸ் கிரீக்கில் உள்ள ஹூகன். காற்றில் ஓடும் சாண்டர், டை கிரைண்டருக்கு நியூயார்க் மாநிலம் கிளாரன்ஸின் டைனாபிரேட்; வட கரோலினா மர்ஃபியின் சியூ டூல்ஸ். உலோகம் அறுக்கும் பேண்ட் சாவுக்கு விஸ்கான்சின் வெரோனாவின் எல்லிஸ். பெல்ட் கிரைண்டருக்கு மிசூரி வார்சாவின் பர் கிங். மரவேலைக்கு மினசோட்டாவின் நார்த்ஃபீல்ட் ஃபவுண்டரி இன்றும் வார்ப்பிரும்பு டேபிள் சாவும், பலகையின் முகத்தையும் விளிம்பையும் சமன்செய்யும் ஜாயின்டரும் செய்கிறது. கடைசல் லேத்துக்கு விஸ்கான்சின் பார்னவெல்டின் ரோபஸ்ட். மேலே நீண்ட கையில் தொங்கி ஓடும் ரம்பமான ரேடியல் ஆர்ம் சா வேண்டுமென்றால் அயோவாவின் பிரிட் என்ற சிற்றூரில் ஒரிஜினல் சா கம்பெனி. இவற்றில் பல வீட்டு கராஜுக்கு அதிகப்படியான எடை, அதிகப்படியான விலை. நாளெல்லாம் ஓட்டுபவருக்கு அது நியாயமான விலைதான். உதிரிபாகம் கேட்டு போன் செய்தால், அந்த இயந்திரத்தைத் தெரிந்தவர் பேசுவார்.

கருவியை எங்கே செய்திருந்தாலும் பிளேடை அமெரிக்காவில் செய்ததாக வாங்குவது சுலபம். விலை வித்தியாசமும் கொஞ்சம்தான். வட கரோலினா கிளேர்மான்ட்டின் வைட்சைட் ரவுட்டர் பிட் (ரவுட்டர் என்பது மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் கருவி), நியூஜெர்சி கிளிஃப்டனின் ஃபாரஸ்ட் பிளேடு, மாசசூசெட்ஸ் ஈஸ்ட் லாங்மெடோவின் லெனாக்ஸ் பேண்ட் சா பிளேடு ஆகியவை நம்பி வாங்கலாம். குறைந்த செலவில் தொடங்க நினைப்பவருக்கு நான் காட்டும் முதல் இடம் இதுதான். சீன டேபிள் சாவில் நல்ல பிளேடு போட்டால் வெட்டு உடனே மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

பழையதை எடுப்பது

ஒயர் உள்ள கைக்கருவியில் முழு அமெரிக்கத் தயாரிப்பு வேண்டுமென்றால் பழையதுதான் நேர்வழி. கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இறந்தவர் வீட்டுப் பொருள் விற்கும் எஸ்டேட் சேல், அடகுக்கடை, அரசுப் பொருள் ஏலம் விடும் கவ்டீல்ஸ் ஆகிய இடங்களில் தேடுங்கள். பள்ளிகள் மரவேலை வகுப்பை மூடும்போது நல்ல இயந்திரங்கள் கவ்டீல்ஸில் வரும்.

காலத்தைக் கணிக்கத் தகட்டில் உள்ள உரிமையாளர் பெயரே போதும். போர்ட்டர்-கேபிள் 1906இல் சிரக்யூஸில் தொடங்கியது. 1960இல் ராக்வெல், 1981இல் பென்டேர், 2004இல் பிளாக் அண்ட் டெக்கர் என்று கைமாறியது. தகட்டில் ‘ராக்வெல்’ என்று இருந்தால் எந்த இருபது வருடம் என்று தெரிந்துவிடும். ‘ஜாக்சன், டென்னசி’ என்று போட்ட பென்டேர் கால ரவுட்டர்கள் அன்றாட வேலைக்கு மிகத் தோதானவை. அவற்றில் 690 வகை ரவுட்டரின் மோட்டார் விட்டம் 3½ அங்குலம். அந்த அளவுக்கு ஏற்ற அடித்தளங்களும் ரவுட்டர் மேசைத் தூக்கிகளும் இன்றும் விற்கின்றன. டெல்டா டேபிள் சாவில் மிசிசிப்பியின் டூப்பலோவில் ஆன ‘யூனிசா’ மாடலைத் தேடுங்கள். கிராஃப்ட்ஸ்மேனில் மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கம் யார் செய்தார்கள் என்று சொல்லும். 113 என்றால் எமர்சன் எலக்ட்ரிக்.

இந்த 113இல் ஓர் எச்சரிக்கை. 1958 முதல் 1992 வரை விற்ற எமர்சன் ரேடியல் ஆர்ம் சாக்களில் பிளேடுக் காப்பு போதாது என்று 2000ஆம் ஆண்டு திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. திருத்திய காப்பு மாட்டாத ஒன்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்கி ஓட்டாதீர்கள்.

வாங்கப் போகும்போது மல்டிமீட்டர், டார்ச், சின்னத் திருப்புளி மூன்றும் பையில் இருக்கட்டும். செருகுவதற்கு முன், பிளக்கின் தட்டையான இரண்டு முனைகளில் ஒவ்வொன்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே மீட்டரில் தொடர்ச்சி பாருங்கள் (எர்த் முனையை விட்டுவிடுங்கள், அது உடலோடு இணைந்தே இருக்கும்). மீட்டர் கத்தினால் உள்ளே கசிவு, செருகவே வேண்டாம். அடுத்து பிட்டைக் கவ்வும் ‘சக்’கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள், பேரிங் மலிவு. பிறகு செருகி ஒரு நிமிடம் ஓட்டி, காற்றுத் துவாரம் வழியாக, கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரைக் கவனியுங்கள். பிரஷ் நுனியில் சிறு நீலப்பொறி இயல்பு. பொறி வளையமாகச் சுற்றிவந்தால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் காயில், ஷார்ட். பழைய மாடலுக்குப் புது ஆர்மேச்சர் கிடைப்பது அரிது, அமெரிக்காவில் காயில் கட்டும் கூலி கருவியின் விலையைத் தாண்டும். அப்படிப்பட்டதை உதிரிபாகத்துக்காக மட்டும் வாங்கலாம். வேகம் மாற்றும் மின்னணுப் பலகை உள்ள பழைய கருவிகளையும் நான் தவிர்க்கச் சொல்வேன். பலகை போனால் மாற்றுக் கிடைக்காது. ஒற்றை வேகக் கருவியில் அந்த இடத்தில் கெடுவதற்கு இருப்பது சுவிட்ச் ஒன்றுதான். அதற்கு வேறொன்றைப் பொருத்திவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஒயர். ரப்பர் வெடித்திருந்தால் ஒட்டு போடாதீர்கள். 15 ஆம்பியர் கருவிக்கு ரப்பர் உறையுள்ள 14 கேஜ் ஒயரை முழுதாக மாற்றுங்கள். இரட்டைக் காப்புக் குறியான சதுரத்துக்குள் சதுரம் இல்லாத, முழு உலோக உடல் கொண்ட இரண்டு முனைக் கருவியென்றால் 3 கோர் ஒயர் போட்டு எர்த்தை உடலில் திருகி இறுக்குங்கள்.

கார்பன் பிரஷைக் கழற்றும்போது எந்தப் பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று பென்சிலால் குறியுங்கள். நுனி கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் பொறி பறக்கும். கால் அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மாடல் எண்ணுக்குக் கிடைக்காவிட்டால் அகலம், தடிமன், நீளம் அளந்து வாங்கலாம். கொஞ்சம் பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தலாம்; சிறிதாக இருப்பதைப் போடக் கூடாது. கம்யூட்டேட்டரில் சீரான காபி நிறப் படலம் இருந்தால் கை வைக்காதீர்கள். கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாள். எமரி தாள் கூடாது, அதன் துகள் மின்சாரம் கடத்தும்.

பேரிங்கின் மூடியில் எண் பொறித்திருக்கும். 608 என்றால் 8 மிமீ துளை, 22 மிமீ வெளிவிட்டம், 7 மிமீ தடிமன். 6201 என்றால் 12, 32, 10. 6203 என்றால் 17, 40, 12. இவை உலகத் தர அளவுகள், எந்தப் பேரிங் கடையிலும் உண்டு. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் பாதையில் குழி போட்டு, புதுப் பேரிங் முதல் நாளே உறுமும். கியர் பெட்டியில் பழைய கிரீஸ் சோப்புக் கட்டிபோல் இறுகியிருக்கும். பெயிண்ட் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்ஸில் கழுவிவிட்டுப் பெட்டியில் பாதி அளவே புதுக் கிரீஸ் வையுங்கள். நிறைத்தால் சூடேறி, கசிந்து மோட்டார் காயிலில் ஏறும். நல்ல கருவியைக் கெடுக்கும் பொதுவான தவறு இதுதான்.

ஸ்கில் 77 சர்க்குலர் சாவில் கிரீஸ் கிடையாது, எண்ணெய். 1937இல் வந்த அந்த வார்ம் டிரைவ் (திருகு வடிவக் கியரால் ஓடும்) ரம்பத்தின் கியர் எண்ணெய்க் குளத்தில் ஓடுவது. சாவை மட்டமாக வைத்து அடைப்பைத் திறந்தால் எண்ணெய் மரையின் அடிவிளிம்பைத் தொட வேண்டும். வெண்கலப் பொடி கலந்து மினுமினுத்தால் வார்ம் கியர் தேய்கிறது. பிளேடு வாங்கும்போது நடுவில் வைர வடிவத் துளை தட்டியெடுக்க வசதி உள்ளதைக் கேளுங்கள்.

யூனிசா பார்க்கப் போனால் மேசைக்கு அடியில் டார்ச் அடியுங்கள். பிளேடைத் தாங்கிச் சாய்க்கும் வார்ப்பிரும்பு டிரனியன், சாவைக் கீழே போட்டிருந்தால் வெடித்திருக்கும். மேசையின் துரு பெரிய குறையில்லை, டிரனியன் வெடிப்புதான் குறை. மோட்டாரும் சாதாரண அளவில் இல்லாமல் தனித் தாங்கியில் தொங்கும்; எரிந்திருந்தால் மாற்று தேடுவது கஷ்டம், விலையில் அதைக் கழியுங்கள். பள்ளி இயந்திரம் மூன்று ஃபேஸ் என்பதால் பலர் ஒதுங்குவார்கள், விலை இறங்கும். 240 வோல்ட் ஒற்றை ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் தரும், ஹெர்ட்ஸையும் மாற்றவல்ல விஎஃப்டி என்ற மின்னணுப் பெட்டியை 3 எச்.பி. அளவில் போட்டால் ஓடும். தகட்டில் 230/460 என்று இருப்பதை உறுதிசெய்து, உள் இணைப்பை 230க்கு மாற்றிக்கொள்ளுங்கள். 460 அல்லது 575 மட்டும் என்றால் வேண்டாம்.

ஊருக்கு அனுப்புவதானால்

அமெரிக்காவில் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. 120 வோல்ட் கருவியை நேராக 230இல் செருகினால் நொடியில் புகை. பிரஷ் உள்ள கைக்கருவிக்கு 50, 60 ஹெர்ட்ஸ் பேதம் கிடையாது; ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். 15 ஆம்பியர் என்றால் 1,800 வாட். தொடங்கும்போது இழுப்பு கூடுவதால் 3 கேவிஏ எடுங்கள். கையளவு எலக்ட்ரானிக் கன்வர்ட்டரை மோட்டாருக்குப் போடாதீர்கள். பேட்டரிக் கருவியில் சார்ஜரின் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் அதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஒற்றை ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள இயந்திரம் சிக்கலானது. 50 ஹெர்ட்ஸில் 1,725 சுற்று சுமார் 1,440க்கு இறங்கும். 115 வோல்ட் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 96 வோல்ட்தான் சரியான அழுத்தம். 110 கொடுத்தால் மோட்டாரின் இரும்பில் காந்தம் நிறைவடைந்து சூடேறும். உள்ளூர் மோட்டாரை மாட்டிப் புல்லியின் அளவை மாற்றுவதே பாதுகாப்பு. ஆனால் 230 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டாருள்ள பள்ளி யூனிசா என்றால் நம் வீட்டு 230 வோல்ட்டில் அதே விஎஃப்டி போதும். வெளியீட்டை 60 ஹெர்ட்ஸில் வைத்தால் டூப்பலோவில் சோதித்த அதே வேகத்தில் ஓடும். ஆர்மேச்சர் எரிந்து அமெரிக்காவில் கைவிட்ட கைக்கருவிக்கும் இங்கே வழி உண்டு. கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் காயில் கட்டும் பட்டறைகள் ஏராளம். பழைய காயிலைப் பிரிப்பதற்கு முன் கம்பியின் கேஜ், ஒரு பள்ளத்துக்கு எத்தனை சுற்று, முனை எந்தக் கம்யூட்டேட்டர் பட்டையில் இறங்குகிறது என்ற மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.